முகவரி வேறு, அனுமதி வேறு

வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். முகவரி மட்டும் மாறும். திருத்தணி வட்டாரத்துக்காரர்களுக்கு இது பழகிப்போன சமாச்சாரம். வெள்ளைக்காரன் காலத்தில் வடாற்காடு ஜில்லா. 1911-ல் சித்தூர் ஜில்லா. மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது ஆந்திரா. ம.பொ.சி. முதலானோர் போராடியதில் 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலம், செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் திருவள்ளூர் மாவட்டம். இத்தனைக்கும் திண்ணை நகரவில்லை, கிணறு நகரவில்லை. வெளியூர்க்காரன் கடித உறையில் எழுத வேண்டிய வரி மட்டும்தான் மாறிக்கொண்டே வந்தது.

கணினி உலகத்தில் இதே வேலையை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை செய்கிற ஒரு ஏற்பாடு இருக்கிறது. நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன் என்று நீளமான பெயர், சுருக்கமாக நாட். (இதோடு 'உக்கு' சேர்த்து எழுதினால் தேசபக்திக் கட்டுரை ஆகிவிடும் என்பதால் முடிந்தவரை 'முகவரி மாற்றம்' என்றே இங்கே வரும்!) அதில் ஸ்டாட்டிக் நாட், அதாவது நிலையான முகவரி மாற்றம், என்று ஒரு வகை. அதை ஒரு ஃபயர்வாலில் எப்படிப் போடுவது, போடும்போது எங்கே தப்பு நடக்கிறது என்பதுதான் விஷயம்.

பி.காம். படிக்கிற கூட்டத்துக்கு இது எதற்கு என்று பக்கத்தை மூடிவிட வேண்டாம். நாளைக்கு ஆடிட்டர் ஆபீசிலோ மண்டியிலோ கணக்கு எழுத உட்காரும்போது, டேலி ஓடுகிற அந்தக் கணினியின் தலையெழுத்தை முடிவு செய்வது இந்த ஒரு வரியாகத்தான் இருக்கும்.

முதலில், இது ஏன் வந்தது?

இணையத்தில் இன்றைக்கும் பரவலாக இருக்கிற ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிதான். உலக மக்கள் தொகையோ 2022-லேயே 800 கோடியைத் தொட்டுவிட்டது. ஆளுக்கு ஒன்று கூடத் தேறாது. இதில் கையில் போன், வீட்டில் டி.வி., கடையில் கேமரா வேறு. இந்தப் பஞ்சம் வரும் என்று தெரிந்து, 1994 மே மாதம் எகேவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஆர்.எஃப்.சி. 1631 என்ற ஆவணத்தில் ஒரு யோசனை சொன்னார்கள். கட்டடத்துக்குள் எந்த எண்ணை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். வாசலைத் தாண்டும்போது மட்டும் அதைப் பொது எண்ணாக மாற்றிவிடலாம் என்பதுதான் அது. உள் உபயோகத்துக்கென்றே 10-ல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168-ல் தொடங்குபவை என்று மூன்று கூட்டம் எண்கள் உண்டு. இன்று புழக்கத்தில் இருக்கும் இந்த ஒதுக்கீடு 1996 பிப்ரவரியில் வெளியானது. அதனால்தான் திருவாலங்காட்டில் ஒரு வீட்டு ரவுட்டருக்கும் 192.168.1.1, டோக்கியோவில் ஒரு வீட்டு ரவுட்டருக்கும் 192.168.1.1. சண்டை வருவதில்லை. இரண்டும் அவரவர் வாசலைத் தாண்டுவதில்லையே!

சாதாரணமாக வீட்டு ரவுட்டர் செய்வது இதுதான்: உள்ளே பத்து கருவிகள் இருந்தாலும் வெளியே ஒரே முகவரி. யார் எங்கே பேசக் கிளம்பினார்கள் என்று ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொள்ளும். பதில் வந்தால் குறிப்பைப் புரட்டிப் பார்த்து உரிய ஆளிடம் சேர்க்கும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஒரு பாக்கெட் வந்தால் குறிப்பில் பதிவே இருக்காது. வவுச்சர் இல்லாத செலவு மாதிரி, தள்ளிவிடும்.

ஸ்டாட்டிக் நாட் என்பது இந்தக் குறிப்பில் நிரந்தரமாக எழுதி வைக்கும் ஒரு வரி. "வெளியே 203.0.113.10, உள்ளே 192.168.1.10." எப்போதும், ஒன்றுக்கு ஒன்று. (203.0.113-ல் தொடங்கும் எண்கள் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. யாருடைய வீட்டு எண்ணும் அல்ல.) டபுள் என்ட்ரி மாதிரி இதற்கும் இரண்டு பக்கம் உண்டு. வெளியிலிருந்து அந்த முகவரியைத் தேடி வருவது அந்தக் கணினிக்குப் போகும். அந்தக் கணினியிலிருந்து கிளம்புவதும் அந்த வெளி முகவரியின் பெயரிலேயே கிளம்பும். இந்த இரண்டாவது பக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வருவோம் என்று தள்ளிவைக்க முடியாத அளவுக்கு முக்கியம், ஆனாலும் கொஞ்சம் பொறுக்க.

ஒரு கடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தணி பஜாரில் ஒரு அரிசி மண்டி. கல்லாவுக்குப் பின்னால் ஒரு கணினி, அதில் டேலி. ஆடிட்டர் அரக்கோணத்தில். ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்யும் தேதி நெருங்க நெருங்க பென் டிரைவ் பஸ் ஏறுகிறது, இறங்குகிறது. முதலாளிக்கு அலுத்துப்போய் நெட்வொர்க் வேலை பார்க்கும் பையனைக் கூப்பிடுகிறார்.

"தம்பி, ஆடிட்டர் சார் அங்கிருந்தே நம்ம சிஸ்டத்தைப் பார்க்கணும். முடியுமா?"

"போட்டுடலாம்ண்ணா. அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷத்தில் முடிந்தும்விடுகிறது. அதுதான் பிரச்சினை.

ஏன் என்று புரிய, கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1994-ல் அமெரிக்காவில் நெட்வொர்க் டிரான்ஸ்லேஷன் என்று ஒரு சின்ன கம்பெனி. ஜான் மேயஸ் என்பவரின் யோசனை, பிராண்ட்லி கோய்ல் என்பவரின் நிரல். ஆபீஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியே ஒரு நம்பர், உள்ளே பல எக்ஸ்டென்ஷன் இருக்கிற மாதிரி, இணையத்துக்கும் ஒரு எக்ஸ்சேஞ்ச் செய்தார்கள். பெயர் பிக்ஸ். 1995-ல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கிவிட, பிக்ஸ் உலகம் முழுக்க ஃபயர்வாலாகப் பிரபலமானது. முகவரி மாற்றப் பிறந்த பெட்டி காவல்காரன் ஆனது. முகவரி மாற்றமும் காவலும் ஒன்றுதான் என்ற குழப்பத்துக்கு இந்தப் பிறப்பும் ஒரு காரணம்.

ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளேயே இரண்டும் தனித்தனி வரிகள்! ஸ்டாட்டிக் என்று தொடங்கும் ஒரு கட்டளை முகவரியை மாற்றும். அதை எழுதியதும் யாரும் உள்ளே வந்துவிட முடியாது. வெளிப்பக்கம் என்பது நம்பிக்கை மதிப்பு 0, உள்பக்கம் 100. பூஜ்யத்திலிருந்து நூறுக்கு ஏற வேண்டுமானால், ஆக்சஸ் லிஸ்ட் என்ற வேறொரு வரி தனியாக அனுமதி தர வேண்டும். லினக்ஸில் ஐ.பி.டேபிள்ஸ் போட்டாலும் இதே கதைதான். முகவரி மாற்றும் அட்டவணை ஒன்று. கடந்துபோக விடலாமா என்று தீர்மானிக்கும் அட்டவணை வேறு. முதல் வரி, "இந்த ஆள் இந்த வீட்டில் இருக்கிறார்" என்கிறது. இரண்டாவது வரி, "யாரை உள்ளே விடலாம்" என்கிறது.

சின்ன கடைகளில் இருக்கும் ரவுட்டரில் இந்த இரண்டும் ஒரே பட்டனுக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால், முகவரியும் மாறும், உலகத்துக்கே அனுமதியும் கிடைத்துவிடும். அதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு டி.எம்.இஸட். ஹோஸ்ட் என்று இன்னொரு பட்டன்: வேறெங்கும் போகத் தெரியாத எல்லாமும் அந்த ஒரு கணினிக்கு! பிக்ஸ் போன்ற பெட்டியிலும் அவசரக்காரர்கள் 'யாரும், எங்கும், எதுவும்' என்று ஒரு அனுமதி வரி எழுதிவிட்டு, வேலை செய்கிறது என்று கிளம்பிவிடுவது உண்டு.

இந்த இடத்தில் திருவாலங்காட்டுக்காரர்களுக்குப் பழையனூர் நீலியை ஞாபகம் வராமல் போகாது.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. சாரம் இதுதான். போன ஜென்மத்துப் பழி தீர்க்க, நீலி என்ற பேய் ஒரு வணிகனைத் துரத்துகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார்" என்று பழையனூர் வேளாளர்கள் எழுபது பேரிடம் முறையிடுகிறாள். குழந்தையும் "அப்பா" என்கிறது. வணிகன் கதறுகிறான், யாரும் நம்பவில்லை. அவன் கையில் காவலுக்கு ஒரு வாள் இருக்கிறது. "அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது" என்கிறாள் நீலி. ஊரார் வாளை வாங்கி வைத்துக்கொண்டு, "உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிர் பிணை" என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தச் சம்பவத்தின் குறிப்பு இருக்கிறது என்றால் கதை எவ்வளவு பழசு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரார் கெட்டவர்கள் இல்லை. சொன்ன சொல் மாறாதவர்கள். வந்தவள் சொன்ன அடையாளத்தை நம்பினார்கள், குழந்தையின் "அப்பா" என்ற ஒரு வார்த்தையைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள், காவலை வாங்கி வைத்துவிட்டார்கள். மண்டியில் அந்தப் பையன் செய்வதும் இதைத்தான். ஆடிட்டர் வந்தால் கதவு திறக்க வேண்டும் என்பதற்காக, யார் வந்தாலும் திறக்கிற மாதிரி செய்துவிட்டான். உள்ளே வருபவர் ஆடிட்டர்தான் என்பதற்கு ஒரே சாட்சி ஒரு பாஸ்வேர்டு. அதுவும் பெரும்பாலும் கடையின் பெயரோடு 123.

"திருத்தணி பஜாரில் இருக்கிற மண்டியை எவன் வந்து தேடப்போறான்?" என்று முதலாளி கேட்கலாம். தேட வேண்டியதே இல்லை. 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இஸட்மேப் என்ற நிரலை வெளியிட்டார்கள். நல்ல வேகமான ஒரே இணைப்பிலிருந்து, ஒரு குறிப்பிட்ட போர்ட் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று நான்காம் பதிப்பின் மொத்த முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். உலகத்தின் எல்லா வாசலையும், ஒரு சினிமாவின் இடைவேளை வருவதற்குள்! அது ஆராய்ச்சிக்காக எழுதியது. கெட்ட எண்ணத்தோடு தட்டுகிறவர்களுக்கும் அதே கணக்குதான்.

தட்டித் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே 12 போதும். வான்னாக்ரை என்ற பணயப் புழு. விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் 445-ம் எண் போர்ட் வழியாகப் பரவியது. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே அதற்குத் திருத்தம் வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல், அந்தப் போர்ட் வெளியே தெரியும்படி ஒரு கணினி இருந்தால் போதும். அதற்குள் புகுந்து, உள்ளிருந்தே அக்கம்பக்கத்துக் கணினிகளுக்குத் தானாகத் தாவியது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரக் காவல் துறையின் கணினிகள் சில, இந்தப் பக்கம் ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை என்று அந்த வாரம் செய்தியில் அடிபட்டன. இரண்டு வருடம் கழித்து, 2019 மே மாதம், தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் 3389-ம் எண் போர்ட்டில் புளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தது. ஆதரவை நிறுத்திப் பல வருடம் ஆன விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது என்றால் ஆபத்து எவ்வளவு என்று புரியும். பாஸ்வேர்டே தேவைப்படாத ஓட்டை அது. ஆடிட்டருக்காக மண்டியில் திறந்துவிட்டதும் அதே 3389-தான்!

சரி, முறையாக எப்படிச் செய்வது? சாதனம் எதுவாக இருந்தாலும் படிகள் இவைதான்.

1. உள்ளே இருக்கும் கணினிக்கு நிலையான எண் கொடுக்க வேண்டும். ரவுட்டர் தானாக எண் கொடுக்கும் பட்டியலுக்கு வெளியே ஒரு எண்ணாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் 192.168.1.10 என்ற எண் கேமரா பெட்டிக்குப் போய்விடும்; உலகத்துக்குத் திறந்திருப்பது அதுவாகிவிடும்.

2. வெளி முகவரி உண்மையிலேயே கடைக்குச் சொந்தமா என்று பார்க்க வேண்டும். ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால், இணைப்பு கொடுத்த கம்பெனியே தன் பக்கத்தில் இன்னொரு முகவரி மாற்றம் செய்கிறது என்று அர்த்தம். 2012-ல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. அப்படியானால் கடையில் என்ன வரி எழுதினாலும் வெளியிலிருந்து ஒரு ஈ கூட வராது. தனி ஸ்டாட்டிக் ஐ.பி. கேட்டு வாங்க வேண்டும்.

3. முகவரி மாற்றும் வரி. ஒரே ஒரு சேவைதான் தேவையென்றால் முழு முகவரியையும் கட்டிக்கொடுக்காமல் அந்த ஒரு போர்ட்டை மட்டும் கட்டினால் போதும். பழைய பிக்ஸில் ஒரு தமாஷ் உண்டு. அடைப்புக்குறிக்குள் உள்பக்கம் முதலில், வெளிப்பக்கம் அடுத்து எழுத வேண்டும். ஆனால் அதைத் தொடரும் எண்களில் வெளி எண் முதலில், உள் எண் அடுத்து. இதை மாற்றி எழுதித் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம்.

4. அனுமதி வரி. யார், எந்தக் கணினிக்கு, எந்தப் போர்ட்டுக்கு. மூன்றையும் எழுத வேண்டும். 'யார்' என்ற இடத்தில் ஆடிட்டர் ஆபீசின் நிலையான முகவரி மட்டும். இதில் எந்த எண்ணை எழுதுவது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிக்ஸ்-க்குப் பின் வந்த சிஸ்கோ ஏ.எஸ்.ஏ.யில் 8.2 பதிப்பு வரை கணினியின் வெளி எண்ணை எழுத வேண்டும். 2010-ல் வந்த 8.3 முதல் உள் எண்ணை எழுத வேண்டும். ஐ.பி.டேபிள்ஸிலும் உள் எண்தான். ஏனென்றால் அனுமதி பார்க்கும் கட்டத்துக்கு வரும்போது முகவரி ஏற்கெனவே மாறிவிட்டிருக்கும்.

5. பழைய பதிவுகளை அழிக்க வேண்டும். வரியை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மாற்றங்கள் ஃபயர்வாலின் நினைவில் அப்படியே இருக்கும். எதிர்ப்பக்க ரவுட்டரும் இந்த எண் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். சிஸ்கோ ரவுட்டரில் அது வழக்கமாக 4 மணி நேரம். "எல்லாம் சரியாத்தான் போட்டேன், வேலை செய்யல, சாப்பிட்டுட்டு வந்தா வேலை செய்யுது" என்ற மர்மத்துக்கு விடை இதுதான்.

6. சோதனையை வெளியிலிருந்து செய்ய வேண்டும். கடைக்குள் உட்கார்ந்துகொண்டு கடையின் வெளி எண்ணைத் தட்டினால் பல ரவுட்டர்களில் திறக்காது. அது கோளாறு அல்ல. ஒரு போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்க்க வேண்டும். திறக்கவில்லை என்றால்தான் பாதி வெற்றி! அனுமதித்த இடத்திலிருந்து திறக்க வேண்டும்; மற்ற இடத்திலிருந்து திறக்கக் கூடாது. இரண்டாவது சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை.

7. எழுதியதைச் சேமிக்க வேண்டும். பிக்ஸ் வகையறாவில் சேமிக்காவிட்டால் பெட்டி அணைந்து எழும்போது எல்லாம் போய்விடும்.

இதையெல்லாம் செய்த பிறகும், 3389-ஐ வெளியே காட்டாமல் இருப்பதே உத்தமம். வி.பி.என். ஒன்று அமைத்து, ஆடிட்டர் முதலில் அதற்குள் வந்து, தன்னை நிரூபித்த பிறகு கணினியைத் தொடுவதுதான் நல்ல வழி. வயர்கார்ட் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. 2020 மார்ச்சிலிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது.

இனி, பொறுக்கச் சொன்ன அந்த இரண்டாவது பக்கம். நிலையான முகவரி மாற்றம் போட்டால், அந்தக் கணினியிலிருந்து கிளம்பும் எல்லாமே கடையின் பெயரில் கிளம்பும். யாரோ உள்ளே புகுந்து, அங்கிருந்து வேறொரு ஊரில் திருடினால், தடம் வந்து நிற்பது மண்டியின் வாசலில். முகவரி என்பது வெறும் எண்ணல்ல, கையெழுத்து. 2007-ல் பெங்களூரில் ஒரு கணினிப் பொறியாளரைப் புனே போலீஸ் கைது செய்தது. ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் போட்டதாகக் குற்றச்சாட்டு. ஆதாரம், ஒரு ஐ.பி. முகவரி. அந்த முகவரி விவரமே தவறு என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அவர் சிறையில் சுமார் 50 நாள் கழித்திருந்தார். தவறான முகவரிக்கே இந்தக் கதி. சரியான முகவரியாக இருந்து, செய்தது மட்டும் வேறு ஆளாக இருந்தால், அதை நிரூபிக்கக் கடைக்காரரிடம் இருப்பது ஃபயர்வாலின் பதிவேடு ஒன்றுதான். அதனால் பதிவேடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதன் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் இட்ட உத்தரவும் நிறுவனங்கள் இந்தப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரத்தை ஒத்திசைக்க வேண்டும் என்கிறது. கேஷ் புக்கில் தேதி இல்லாமல் எழுதினால் ஆடிட்டர் ஒத்துக்கொள்வாரா? அதே நியாயம்தான்.

ஐ.பி. ஆறாம் பதிப்பு வந்தால் இந்தத் தொல்லை போய்விடுமே என்று சிலர் சொல்வார்கள். இந்தியாவில் மொபைல் போன்களில் அது ஏற்கெனவே வந்துவிட்டது. அதில் முகவரிப் பஞ்சம் இல்லை. கடையின் கணினிக்கே பொது முகவரி கிடைக்கும். மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. போவது முதல் வரி மட்டும். யாரை உள்ளே விடலாம் என்ற இரண்டாவது வரி அங்கேயும் அப்படியே இருக்கும். இத்தனை நாள் முகவரி மாற்றத்தையே காவல் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் சிரமம்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று. சொந்தக்காரர் கடை, மாமா ஆபீஸ் என்று எங்கேயாவது டேலி ஓடினால், ரவுட்டருக்குள் போய் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியையும் "இது யாருக்காக?" என்று கேட்டுப் பாருங்கள். "எப்பவோ ஒரு தம்பி வந்து போட்டுட்டுப் போனாரு" என்று பதில் வந்தால், முதலில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். உண்மையிலேயே தேவைப்படுகிறவர் மறுநாள் காலையில் போன் பண்ணுவார்.